இராமநாதபுரக் கடற்கரையில் உடல்நல, சமூகத் தேவைகளைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரக் கடற்கரையில், மக்களுக்கு எந்த மருத்துவ வசதியும் எந்தச் சமூக உதவியும் தேவை என்று கண்டறியும் பணியைப் பலர் செய்கிறார்கள்: ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தார், சமூக மருத்துவம் பயிலும் மாணவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள். எல்லோரும் உழைக்கிறார்கள், படிவங்களும் நிரம்பிவிடுகின்றன. இருந்தும் மிகுந்த துன்பத்தில் இருப்பவர்கள் பல வேளைகளில் அந்தக் கணக்கில் இடம்பெறாமல் போகிறார்கள். யாரை, எப்போது, எங்கே போய்க் கேட்பது என்று தொடக்கத்தில் எடுக்கும் முடிவுகளே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மிகப் பரவலான தவறு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டையே தேவையின் அளவாகக் கொள்வது. பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள். வர முடியாதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதினார். பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்பது விளங்கும். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறை இடுக்குகளில் மூழ்கிப் பாசியைப் பறிக்கிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழிக்கிறது. உப்புநீரில் ஊறிய காயம் ஆறுவதற்குள் அடுத்த முறை கடலில் இறங்க வேண்டியிருக்கிறது. இடுப்புவலி, கண்ணெரிச்சல் ஆகியவற்றையும் அவர்கள் நோய் என்று சொல்வதில்லை, தொழில் என்றே சொல்கிறார்கள். ஆகவே, "உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றே விடை வரும். கையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதும், வலியால் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்பதும் அதைவிடப் பயன் தரும்.

அடுத்த தவறு நேரம் பற்றியது. கணக்கெடுப்பவர் காலை பதினொரு மணிக்கு வருகிறார். பாசிக்குப் போன பெண்களும், கரையில் மீன் வாங்கி விற்கப் போனவர்களும் அப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள். பாசி வேலை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நெருக்கமாக நடக்கும் என்பதால், நாள்காட்டியைப் பார்க்காமல் போகிறவர் வீட்டிலிருக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் மட்டுமே சந்தித்துவிட்டுத் திரும்புவார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாள்களில் ஆண்கள் வீட்டில் கிடைப்பார்கள். ஆனால் வருமானம், கடன், மதுப்பழக்கம், சாப்பாடு ஆகியவை பற்றி அப்போது கிடைக்கும் விடை ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. வாலிநோக்கத்து உப்பளங்களிலோ மழைக்காலத்தில் வேலையே இருக்காது. குறைந்தது இரண்டு பருவங்களிலாவது கேட்காத கணக்கெடுப்பை நம்பித் திட்டம் போடக் கூடாது.

யாரை "ஊர் மக்கள்" என்று எண்ணுவது என்ற கேள்வியைப் பலரும் கேட்டுக்கொள்வதே இல்லை. குடும்ப அட்டைப் பட்டியலை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். ஏர்வாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 மனநோயாளிகள் மாண்டார்கள்; அவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். மனநோய் தீரும் என்று அங்குள்ள தர்காவை நம்பி வெளி மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் அழைத்துவரப்படுபவர்கள் அந்த ஊராட்சியின் குடும்ப அட்டைப் பட்டியலில் இல்லை. அதனால் அவர்களின் தேவை யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை. எவரும் கேட்கவும் வருவதில்லை. மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அந்த எல்லைக்குள் உறங்கி எழுபவர் எவரும் அந்த ஊர் மக்களே என்ற விதியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஊர்த் தலைவரிடமும் வீட்டுத் தலைவரிடமும் மட்டும் கேட்டுவிட்டு வருவது இன்னொரு தவறு. கழிப்பறை, மாதவிடாய், வீட்டுக்குள் நடக்கும் அடி ஆகியவற்றைப் பெண்கள் தனியாக, இன்னொரு பெண்ணிடம்தான் பேசுவார்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, பெற்றோர் பெரிய வீட்டில் தனியே முதுமையைக் கழிக்கிறார்கள். அங்கே பணம் வருகிறது, மருந்தும் இருக்கிறது. குளிக்க வைக்கவும், விழுந்தால் தூக்கவும்தான் ஆள் இல்லை. உடல்நலப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் மனைவியின் நிலை இதைவிடக் கொடியது. உடல் கிடைக்காதபோது இறப்புச் சான்று பெறுவது கடினம். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பதே சட்டத்தின் பொது விதி. அதுவரை அந்த மனைவி கைம்பெண்ணும் அல்லர், கணவரோடு வாழ்பவரும் அல்லர். படிவத்தில் "திருமணமானவர்" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

தேவையையும் தீர்வையும் குழப்பிக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் மக்கள் "ஆஸ்பத்திரி வேண்டும்" என்பார்கள். 2022-இல் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆயினும் இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை அங்கே கொண்டுசேர்க்க வண்டி இருக்கிறதா என்ற கேள்வி கடலோரக் குடியிருப்பில் அப்படியே இருக்கும். பிரிட்டிஷ் சமூகக் கொள்கை ஆய்வாளர் ஜொனாதன் பிராட்ஷா 1972-இல் தேவையை நான்காகப் பிரித்தார்: வல்லுநர் வகுப்பது, மக்கள் உணர்வது, அவர்கள் கேட்டுப் பெற முயல்வது, ஒத்த இன்னோர் ஊரோடு ஒப்பிட்டு அறிவது. நான்கையும் தனித்தனியே எழுதிக்கொண்டால், எங்கே அவை முரண்படுகின்றன என்பது தெரியும். ஆராய வேண்டிய இடமும் அதுவே. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குழாய் இணைப்பு உண்டா என்ற கேள்விக்கு "உண்டு" என்று விடை வரும். ஆனால் வாசலில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டி நிற்கும். அதை யார் தள்ளுகிறார்கள், எவ்வளவு தூரம், குடம் என்ன விலை, அதற்காகப் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா என்று கேட்டால்தான் தேவையின் உண்மையான அளவு பிடிபடும்.

மாவட்டச் சராசரியை ஊருக்குப் பொருத்துவதும் தவறு. 2011 கணக்கெடுப்பின்படி 13,53,445 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. கமுதியின் கரிசல் காட்டுக்கும் இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்துக்கும் ஒரே சராசரி எதையும் விளக்காது.

இறுதியாக, முடிவுகளை என்ன செய்கிறோம் என்பது. நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் "காசநோயாளி ஒருவர், மனநோயாளி இருவர்" என்று அச்சிட்டால் பெயர் போடாமலேயே பெயர் தெரிந்துவிடும். இத்தகைய சிறு எண்களைப் பல ஊர்களோடு சேர்த்தே வெளியிட வேண்டும். மற்றவற்றை ஊருக்குத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு மே 1 கிராம சபை ஏற்ற நாள். தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் தொழிலாளர் ஊரில் இருப்பார்கள். அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே பெண்களை மட்டும் கூட்டி முடிவுகளைப் படித்துக் காட்டிவிட்டால், எந்தத் தேவை விடுபட்டது என்பதை அவர்கள் சபை கூடுவதற்குள் சொல்லிவிடுவார்கள்.