முதல் கத்தி: பதம் போடுவதில்தான் எல்லாம்

முதன்முதலாகக் கத்தி செய்யும்போது பழைய இரும்பைத் தேடி அலையாமல் 1084 (கார்பன் அதிகமுள்ள ஒரு வகை) எஃகுப் பட்டை வாங்குங்கள், பதம் போடுவது, அதாவது சூடாக்கி முக்கி இறுக வைப்பது, சுலபம். வடிவம் வெட்டி அராவும்போது விளிம்பை 1 மி.மீ. கனத்தில் விட்டுவிடுங்கள், கூராக்கிவிட்டுச் சூடு வைத்தால் நெளியும், விரிசலும் விடும் (நான் இரண்டைக் குப்பையில் போட்டேன்). பிடிக்கான துளைகளையும் இப்போதே போடுங்கள், அப்புறம் டிரில் இறங்காது.

உலையில் காந்தம் ஒட்டாத அளவு சிவந்ததும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, அதாவது சுமார் 815 டிகிரி, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் நேராக முக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் வளைந்துவிடும். தண்ணீர் வேண்டாம். விளிம்பில் தேய்க்கும்போது அரம் வழுக்கினால் சரி, இறுகிவிட்டது. ஆனால் இப்போது கண்ணாடி மாதிரி உடையும், அதனால் அன்றைக்கே சமையலறை ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். விளிம்பு நீலமானால் பதம் போச்சு.