முதியோரின் மலக்குடல் புற்றுநோய்க்கு பாப்பிலான் கதிர் சிகிச்சை: தயாராவது எப்படி?

இதயமோ நுரையீரலோ பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்காத முதியவரின் மலக்குடலில் 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி இருந்தால், பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்து இங்கிலாந்திலும் வழங்கப்படும் பாப்பிலான் சிகிச்சை (கட்டியின் மீதே நேரடியாக எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சும் முறை) பொருந்துமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் இதனுடன் உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சும் சேர்க்கப்படும்.

சிகிச்சை நாளன்று எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வார்கள். பிறகு நோயாளி முழங்காலிட்டு முன்புறம் குனிந்திருக்க, மரத்துப்போகும் மருந்து தடவி, ஆசனவாய் வழியே குழாயைச் செலுத்தி, கட்டியின் மீதே 50 கிலோவோல்ட் எக்ஸ்ரே கதிரை ஓரிரு நிமிடங்கள் பாய்ச்சுவார்கள். ஆகவே மூட்டுவலி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. அன்றே வீடு திரும்பலாம்.

பின்னர் இரத்தம் கசியக்கூடும் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை மறைக்கவே கூடாது. கட்டி மறைந்துவிட்டாலும், மீண்டும் தலைகாட்டினால் உடனே கண்டறிய, எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளை முதல் இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்துகொள்ளுங்கள்.