படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு: உங்கள் தூக்கத்தை நீங்களே அளப்பது எப்படி?

2020 மார்ச் 25-இல் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் கல்லூரி விடுதிகள் காலியாகின. வகுப்பு, வேலை, சினிமா, அரட்டை எல்லாம் ஒரே கட்டிலுக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், ஊரடங்கின்போது மக்கள் தூங்கிய நேரம் சற்றுக் கூடியிருந்தது, தூக்கத்தின் தரமோ குறைந்திருந்தது. அதனால் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று மட்டும் பார்த்தால் போதாது. ஊரடங்கு போன பிறகும் அந்தக் கட்டில் பழக்கத்தை விடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குத்தான் இது.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும், ஆப் வேண்டாம். காலையில் எழுந்ததும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் வர எவ்வளவு நேரமானது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், கடைசியாக எப்போது விழிப்பு வந்தது, எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள். எல்லாம் குத்துமதிப்பாக இருந்தால் போதும். துல்லியம் வேண்டுமென்று இரவில் மணி பார்க்கத் தொடங்கினால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

படி 2: கணக்கு

இரவு 11 மணிக்குப் படுத்து காலை 8 மணிக்கு எழுந்தால் படுக்கையில் 9 மணி நேரம். தூக்கம் வர ஒன்றரை மணி, நடுவில் அரை மணி, விழித்த பின் போனோடு 1 மணி என்று வைத்துக்கொள்வோம். தூங்கியது 6 மணி நேரம்தான். 6-ஐ 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 67 சதவீதம். 85-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல தூக்கம் என்பார்கள்.

படி 3: பதற்றம்

தூக்கத்தைக் கெடுப்பது பதற்றமா என்று பார்க்க, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 (GAD-7) என்ற வினாத்தாளைத் தேடி எடுங்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதை வைத்து நோய் இருக்கிறது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

படி 4: மாற்றம்

முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். இதுதான் கஷ்டம், பலன் அதிகம் கிடைப்பதும் இதில்தான்.

அப்புறம் படுக்கை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்த முறை இது: தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும், சுமார் 20 நிமிடமாகியும் வரவில்லையென்றால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், தூக்கம் வந்ததும் திரும்பலாம். விழித்துக் கவலைப்படும் இடமாகப் படுக்கை மனதில் பதிந்திருக்கும், அதைத்தான் கலைக்கிறோம். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைக்கும் வீடுகளில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்தது. ஒரே அறைதான், கட்டில்தான் என்றால், பகலில் சுவரோரம் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பாருங்கள்.

கவலைகளைச் சாயங்காலமே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி எழுதிவிடுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். உடலில் அதன் வீரியம் பாதியாகவே 5 மணி நேரம் போல ஆகும்.

2 வாரம் கழித்து மறுபடி கணக்குப் போடுங்கள். சதவீதம் அசையவில்லை, மனமும் தாங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.