குதிரை குலுக்குகிறதா? லாடத்தைக் குறை சொல்லும் முன்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்து இரண்டு வாரம் போனால் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "அண்ணா, குதிரை தூக்கித் தூக்கிப் போடுது. லாடத்தை மாத்தினா சரியாயிடுமா?" நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டுத் திரிந்தேன். குளம்பைச் சுரண்டிச் சுத்தமாக வையுங்கள், ஆணி தளர்ந்தால் ஏறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிட்டு, குலுக்கலுக்காகவும் லாடத்துக்காகவும் பலர் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சுழியை மட்டும் பார்த்து வாங்குவது

சுழி என்பது உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் இடம், அது உங்களைக் குலுக்காது. கால்தான் குலுக்கும்.

எலும்பின் குறைக்கு லாடத்தில் மருந்து தேடுவது

கணுவுக்கும் குளம்புக்கும் நடுவில் இருக்கும் சரிவுதான் குதிரையின் ஸ்பிரிங். அது குட்டையாக, செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அடியும் நேராகச் சேணத்துக்கு ஏறும். நீண்டு சாய்ந்திருந்தால் தொட்டில் மாதிரி இருக்கும், ஆனால் தசைநாண் சீக்கிரம் களைக்கும். தோள் செங்குத்தாக இருந்தால் எட்டி வைக்கும் அடியும் சிறிதாகிவிடும். ட்ராட் என்ற ஓட்டநடையில் குறுக்குக் கால்கள் ஜோடியாக எழும்பி விழுவதால்தான் துள்ளல். மார்வாரி, காத்தியவாரி இனக் குதிரைகளில் சிலவற்றுக்கு வரும் ரவால் நடையில் ஒரே பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து விழும், அதனால் மேலே இருப்பவருக்கு அலுங்காது. அது பெரும்பாலும் பிறவியில் வருவது. பழக்கினால் மெருகேறும், லாடம் மாட்டி வரவழைக்க முடியாது.

கோணல் காலை நிமிர்த்தப் பார்ப்பது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். சந்தையில் நான் வாங்கிய முதல் பெண் குதிரைக்கு ஐந்து வயது. முன் வலது குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. நடக்கும்போது அந்தக் கால் உள்ளே வளைந்து வந்து, சில நேரம் இடது கணுவில் இடிக்கும். "ஒரு பக்கம் இறக்கி அராவினா மூணு தடவையில நேராயிடும்" என்றார் லாடம் அடிப்பவர். தலையாட்டினேன். முதல் தடவை முடிந்ததும் நிற்கும்போது கால் நேராகத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து ஊரெல்லாம் காட்டினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு வலது கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்க ஆரம்பித்தது. மூன்றாவதில் நொண்டி. எட்டு மாதம் சேணமே போடவில்லை. மருத்துவருக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு குட்டி வாங்கியிருக்கலாம்.

குட்டிக்கு எலும்பு வளரும்போது இந்த வேலை பலிக்கும். கணுவை ஒட்டிய எலும்பில் அந்த வாய்ப்பு முதல் மூன்று நான்கு மாதத்தோடு முடிந்துவிடும். வளர்ந்த குதிரைக்குக் கோணல் எலும்பிலேயே உறைந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மூட்டுகள் கதவுக் கீல் மாதிரி, முன்னும் பின்னும்தான் மடங்கும். குளம்பின் ஒரு பக்கத்தை மட்டும் இறக்கினால் மூட்டின் ஒரு ஓரம் நசுங்குகிறது, மறு ஓரம் இழுபடுகிறது. அந்தக் காலுக்கு எது சமமோ அப்படிச் சீவி, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். இடிபடும் கணுவுக்குக் காப்பு கட்டுங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும். போன மாதம்கூட ஒரு தம்பி 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு போட்டோ அனுப்பியிருந்தான், சந்தோஷமாக. உடனே போன் போட்டுத் திட்டினேன்.

ஆறு வாரத்தை மூன்று மாதமாக இழுப்பது

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். லாடம் இருக்கும்போது தேயாது. முனை நீண்டு குதி தாழும், முன்கால் தரையை விட்டு எழும்பத் தாமதமாகும். அப்புறம் தடுக்கும். பின்கால் முனை முன் லாடத்தில் பட்டு 'டக் டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கம்பீரம் என்று நினைத்தவர்களும் உண்டு! லாடம் தேயாவிட்டாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றிச் சீவி மறுபடி அடியுங்கள்.

லாடத்துக்கு ஏற்றபடி குளம்பை அராவுவது

செருப்புக்காகக் காலை வெட்டுவீர்களா?

கனமான லாடம்

காலை உயரத் தூக்கும், கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அழகு. ஒரு மணி நேரம் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு உங்கள் இடுப்பைக் கேளுங்கள்.