செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்க எந்த லென்ஸ்: கேமரா நிறுவனத்துடையதா, பிற நிறுவனத்துடையதா?

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக ஒரு லென்ஸ் வாங்க நினைப்பவர்கள், கேனான், நிக்கான், சோனி நிறுவனங்கள் தாமே செய்யும் லென்ஸை வாங்குவதா, சிக்மா, டாம்ரான், டோகினா போன்ற பிற நிறுவனங்களின் லென்ஸை வாங்குவதா என்று கேட்கிறார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளையும் அவற்றில் நடக்கும் விசேஷங்களையும் படமெடுத்து வருபவன் என்ற முறையில், பெரும்பாலான தொடக்க நிலையினருக்குப் பிற நிறுவன லென்ஸே ஏற்றது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாங்கிய லென்ஸை, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் உங்களுக்குப் பழக்கமானவை என்று கொண்டு மேலே செல்கிறேன்.

படி 1: மவுன்ட்டைப் பாருங்கள்

லென்ஸின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் கேமராவின் மவுன்ட் (லென்ஸை மாட்டும் வாய்) எது என்று பார்க்க வேண்டும். சோனி தன் இ மவுன்ட்டின் தொழில்நுட்ப விவரங்களை 2011இலேயே பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதால், அதற்குக் கிடைக்கும் லென்ஸ்களுக்குக் குறைவில்லை. நிக்கான் இசட் மவுன்ட்டுக்கு டாம்ரானின் 70-300 லென்ஸ் 2022இலும், சிக்மாவின் மூன்று க்ராப் சென்சார் (சிறிய சென்சார் கேமராக்களுக்கான) பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்கள் 2023இலும் வந்தன. கேனான் ஆர்எஃப் மவுன்ட் 2018இல் வந்திருந்தாலும், சிக்மாவும் டாம்ரானும் அதற்குரிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை உரிமத்தோடு அறிவித்தது 2024இல்தான், அதுவும் க்ராப் சென்சார் லென்ஸ்களாகவே. ஆகவே கேனானின் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) ஆர் வரிசை பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வைத்திருப்பவர்கள், பழைய இஎஃப் மவுன்ட்டுக்கு வந்த பிற நிறுவன லென்ஸை அடாப்டர் மூலம் மாட்டுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நன்றாகவே வேலை செய்யும்.

படி 2: எங்கே படமெடுக்கப் போகிறீர்கள்?

நம் பகுதி வீடுகளின் வளவில் (உள்முற்றத்தில்) நடுவே வானம் திறந்திருக்கும், சுற்றிலும் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் நிழல் அடர்ந்திருக்கும். உச்சிப்பொழுதில்கூட இரண்டாம் கட்டைத் தாண்டினால் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடும். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை ஜூம் செய்தால் அதன் அபெர்ச்சர் எஃப் 5.6 ஆகிவிடுகிறது. அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400இல் எடுக்க வேண்டிய படத்தை 1600இல் எடுத்துவிடலாம். பிள்ளையார் நோன்பன்று இரவு இழை எடுக்கும்போது (மாவில் நூல் திரி வைத்து ஏற்றி எடுத்துக்கொள்ளும் சடங்கு) ஃபிளாஷ் அடிப்பது முறையாக இராது, அடித்தாலும் அந்தச் சுடரின் வெளிச்சம் படத்தில் நிற்காது. அத்தகைய நேரங்களை நினைத்துத்தான், ஜூம் முழுவதும் எஃப் 2.8 தரும் லென்ஸை வாங்குங்கள் என்று சொல்கிறேன். க்ராப் சென்சார் மிரர்லெஸ் கேமராவுக்கு என் முதல் பரிந்துரை சிக்மாவின் 18-50 எஃப் 2.8. எடை ஏறக்குறைய 300 கிராம்தான், நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. அதில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) இல்லை என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும். டாம்ரானின் 28-75 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 540 கிராம்தான், சோனியின் 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695 கிராம், விலையோ டாம்ரானுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கைப் பார்த்து உடனே டாம்ரானை வாங்கிவிடத் தோன்றும். ஆனால் 24 மி.மீ. லென்ஸ் கிடைவாக ஏறக்குறைய 74 டிகிரி பரப்பைக் காட்டும்போது 28 மி.மீ. லென்ஸ் 65 டிகிரியைத்தான் காட்டுகிறது. திருமணத்தில் ஆட்களை எடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. முகப்பையும் பட்டாலையையும் எடுப்பவர், முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போன பிறகும் ஓரத்துத் தூண் சட்டத்துக்குள் வராமல் நிற்பதைக் காண்பார். வீடுகளை எடுப்பதே முதன்மை நோக்கமென்றால் சிக்மாவின் 24-70 எஃப் 2.8 சரியான நடுவழி. அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு 800 கிராமைத் தாண்டும் என்பதால் கைக்குக் கொஞ்சம் பாரமாக இருக்கும்.

சிராவயல் மஞ்சுவிரட்டைப் படமெடுக்க நினைப்பவர்கள், பிற நிறுவன லென்ஸ் மாட்டினால் சோனி கேமராவின் வேகம் குறையும் என்று அஞ்சுகிறார்கள். ஏ9, ஏ1 போன்ற உயர்நிலை பாடிகளில்தான் அந்த வரம்பு குறுக்கிடும், அதுவும் விநாடிக்கு 15 படங்கள் என்ற அளவில். ஏ6400 கேமராவின் உச்ச வேகமே விநாடிக்கு 11 படங்கள் என்பதால், அதை வைத்திருப்பவருக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை.

படி 3: பில்லும் வாரண்டியும்

ஜிஎஸ்டி பில், இந்திய வாரண்டி அட்டை இரண்டும் இல்லாமல் எந்த நிறுவனத்தின் லென்ஸையும் வாங்காதீர்கள். பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: வீட்டில் சோதனை

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பிற நிறுவன லென்ஸ் வாங்குபவர்களின் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாளிதழின் பொடி எழுத்துள்ள பக்கங்கள் ஐந்தை எடுத்து, வெளிச்சமான ஒரு சுவரில் நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் ஒவ்வொன்றுமாக, கேமராவின் சட்டம் நிறையும்படி ஒட்டுங்கள். ட்ரைபாட்டில் கேமராவைச் சுவருக்கு நேராக, சாய்வே இல்லாமல் வையுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்து, ஐஎஸ்ஓ 100 வைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். முதலில் எஃப் 2.8, பிறகு எஃப் 5.6. நடுவில் ஃபோகஸ் செய்து எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைகளை ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது அந்த லென்ஸின் வடிவமைப்பு, எஃப் 5.6இல் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரு மூலை மட்டும் மங்கி, அதன் எதிர்மூலை கூர்மையாக இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி இன்னொரு படம் எடுத்து, மங்கல் லென்ஸோடு சேர்ந்து சுவரின் எதிர்மூலைத் தாளுக்கு இடம் மாறுகிறதா என்றும் பார்த்துவிட்டு, மாறினால் அன்றே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி ஓடு பதித்த தரையையே சோதனைப் பலகையாகக் கொள்ள நினைக்க வேண்டாம். கையால் வார்க்கப்படும் அந்த ஓடுகளில் நிறங்களின் விளிம்பு அச்செழுத்தைப் போல் கூர்மையாக இருப்பதில்லை.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே பக்கத்தை வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒரு முறையும், லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு முறையும் எடுங்கள். லைவ் வ்யூ படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் லென்ஸில் பழுது இல்லை, ஃபோகஸ் அளவைத்தான் சரிசெய்ய வேண்டும். நிக்கான் டி7500 போன்ற பாடிகளில் அதற்கான வசதி மெனுவிலேயே இருக்கிறது. கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் சிக்மாவின் யூஎஸ்பி டாக்கையோ டாம்ரானின் டேப்-இன் கன்சோலையோ ஏற்கும் லென்ஸாகப் பார்த்து வாங்கினால், கணினி வழியே தாங்களே திருத்திக்கொள்ளலாம்.

படி 5: கேமராவின் திருத்தங்கள்

என்னை மிகவும் அலைக்கழித்த படி இது. பிற நிறுவன பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டி வளவில் எடுத்த ஜேபெக் படங்களில், வெள்ளைச் சுவரின் மேல் வட்டவட்டமாக வரிகள் விழுந்திருந்தன, ரா (கேமரா திருத்தாத மூல) கோப்புகளிலோ அவை இல்லை. கேமரா அந்த லென்ஸைத் தன் நிறுவனத்தின் வேறொரு லென்ஸாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஓர ஒளித் திருத்தத்தை இதன்மேல் போட்டதுதான் காரணம். மெனுவில் லென்ஸ் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்தவுடன் வரிகள் மறைந்தன. ஆகவே பழைய மவுன்ட் லென்ஸ் மாட்டுபவர்கள் முதலில் அந்தத் திருத்தங்களை அணைத்துவிட்டு, ஒரு வெற்றுச் சுவரை எடுத்துப் பாருங்கள். புதிய மிரர்லெஸ் லென்ஸ்களுக்கு இதற்கு மாறான அறிவுரை: அகலக் கோணத்தில் தூண்கள் வெளிப்புறமாக வளைவதைக் கேமராவின் திருத்தமே நேராக்கும்படி அவை வடிவமைக்கப்பட்டிருப்பதால், அங்கே திருத்தத்தை இயக்கியே வையுங்கள்.

பின்சேர்க்கை

டோகினா 11-16 லென்ஸைப் பழையதாக வாங்கி நிக்கான் டி5600இல் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லையே என்று வாசகர்கள் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நிக்கானுக்கான அந்த லென்ஸின் முதல் பதிப்பிலும் மோட்டார் இல்லை, இரண்டாம் பதிப்பில் உண்டு. பழைய லென்ஸ் விற்பவர் எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால், லென்ஸின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் இரண்டாம் பதிப்புக்கான குறி இருப்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.