கிளைச் செயலாளர் ஆகிவிட்டீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஒவ்வொரு ஆண்டும் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்ற சில வாரங்களில் எனக்குப் போன் வரத் தொடங்கும். "சார், பேங்க்ல கையெழுத்து மாத்த மாட்டேங்கறாங்க." "சார், பழைய ட்ரெஷரர் கணக்கே குடுக்கலை." "சார், இன்கம்டாக்ஸ்ல இருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்கு." அறுவைச் சிகிச்சை நிபுணர் சங்கத்தின் நகரக் கிளைச் செயலாளராகவும், பிறகு மாநில அளவில் செயற்குழுவிலும் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். இந்தத் தவறுகளில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் செட் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள், வாட்ஸ்அப் புண்ணியத்தில் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு.

சி.எம்.இ.யை (மருத்துவர்களுக்கான தொடர் கல்விக் கூட்டத்தை) நேரத்துக்குத் தொடங்குங்கள், சந்தா பாக்கியை வசூலியுங்கள், சால்வை எண்ணிக்கையைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொதுக்குழுவை விருந்துக்கு முன்னால் செருகுவது

மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை. கடைசி அமர்வு வழக்கம்போல் இழுத்துவிட்டது. ஏழரைக்கு பேங்க்வெட். நிகழ்ச்சி நிரலில் ஏழு மணிக்கு "பொதுக்குழு" என்று ஒரு வரி இருக்கும். அரங்கில் முன்வரிசையில் முன்னாள் தலைவர்கள், பின்வரிசையில் விருது வாங்கக் காத்திருக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள். இந்த மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டுரிமையே கிடையாது. செயலாளர் அறிக்கை "வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்". கணக்கும் அப்படியே. "எனி அப்ஜெக்‌ஷன்? நோ? பாஸ்ட்!" என்று ஒரு குரல். பத்து நிமிடத்தில் ஒரு ஆண்டின் நிர்வாகம் முடிந்து, எல்லோரும் சூப் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்களோடு கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை ஆபரேஷன் தியேட்டர் சுவரில் மாட்டி வைத்து, ரத்தம் ஒற்றும் மாப் துணிகளின் எண்ணிக்கை சரியாக வரும்வரை வயிற்றை மூட விடாத ஆட்கள்தான் நாம். அதே ஆட்கள் பொதுக்குழுவில் தலைகளை எண்ணுவதில்லை.

நம் கிளை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் தனியாகப் பதிவானதாக இருந்தால், பைலாவை, அதாவது சங்க விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு தேவை. இன்ன விதியை இப்படி மாற்றப் போகிறோம் என்பது அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். வந்து ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதோடும் முடியவில்லை. திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்தால்தான் அது திருத்தம். "தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்" என்ற கடைசி வரியில் பைலா திருத்தத்தைக் கொண்டுவருவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

ஊர் பெயர் வேண்டாம், ஒரு கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே தலைவர் பதவி ஓராண்டு. இரண்டாண்டாக இருந்தால் வேலை நடக்கும் என்று சிலர் நினைத்தார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அதை மேலே சொன்ன மாதிரி ஒரு மாலைப் பொதுக்குழுவில் கொண்டுவந்து, கை தூக்கச் சொல்லி, "பாஸ்ட்" என்று முடித்துவிட்டார்கள். முன்னறிவிப்பு இல்லை. எத்தனை கை என்று யாரும் எண்ணவில்லை. பதிவாளரிடம் தாக்கல் செய்யவும் இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் "ஒருமனதாக நிறைவேறியது" என்ற வரி மட்டும் இருந்தது, அதுவும் பல மாதம் கழித்து எழுதியது.

அடுத்த ஆண்டு முறைப்படி தலைவராக வேண்டியவர் வந்து நின்றார். "பைலாவை மாத்திட்டோமே சார்" என்றார்கள். "எங்கே, காட்டுங்க" என்றார் அவர். காட்ட ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டு கோஷ்டி, இரண்டு தேர்தல், இரண்டு நிர்வாகிகள் பட்டியல். இரு தரப்பும் நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐத் தூக்கிக்கொண்டு பதிவாளர் அலுவலகம் போனார்கள். எந்தத் தேர்தல் செல்லும் என்ற தகராறை அவர் தீர்த்து வைக்க மாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வார். அப்படியே சொன்னார். இரண்டு தரப்பும் வங்கிக்குக் கடிதம் கொடுக்க, வங்கி கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவிட்டது.

அறிவித்திருந்த லேப்ராஸ்கோப்பி பயிற்சி முகாம் ரத்தானது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போச்சு. இதெல்லாம் பரவாயில்லை என்பேன். அந்தக் கிளையில் ஒரு குடும்ப நல நிதி இருந்தது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உடனே ஒரு தொகை கொடுப்பார்கள். கணக்கு முடங்கிக் கிடந்த நேரத்தில் ஒரு உறுப்பினர் மாரடைப்பில் போய்விட்டார். சின்ன வயது, இரண்டு பிள்ளைகள். பல ஆண்டு ஒழுங்காகப் பணம் கட்டியவர். அவர் மனைவி இறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு இரண்டு கோஷ்டித் தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, கோர்ட்டைக் காட்டினார்கள். வழக்கு சமரசமாகி அந்தப் பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. பொதுக்குழுவை "ஒரு ஃபார்மாலிட்டி சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருவார்.

இதைப் படித்துவிட்டுப் "பதவி ஆசை பிடித்தவர்கள், நம் ஊரில் அப்படி நடக்காது" என்று நினைப்பீர்கள். லண்டனில் நடந்தது தெரியுமா? அங்கே நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540 முதல் ஒரே சங்கமாக இருந்தார்கள். 1745-இல் பிரிந்து, அறுவை மருத்துவர்களுக்குத் தனிச் சங்கம் அமைந்தது, கம்பெனி என்று பெயர். 1796-இல் அதன் ஆட்சிக்குழு ஒரு கூட்டம் போட்டது. சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய பொறுப்பாளர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த ஒரு கூட்டத்தோடு கம்பெனியின் சட்ட அந்தஸ்தே கேள்விக்குள்ளானது. அதைச் சரிசெய்யக் கொண்டுபோன மசோதா 1797-இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. கடைசியில் 1800-இல் அரச சாசனம் வாங்கித்தான் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்று புதிதாக எழுந்து நிற்க முடிந்தது. எஃப்.ஆர்.சி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோமே, அந்தக் கல்லூரி பிறந்த கதையிலேயே ஒரு கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) தகராறு இருக்கிறது.

சரி, என்ன செய்வது? பொதுக்குழுவை மாநாட்டின் முதல் நாள் காலையில் வையுங்கள், அல்லது மாநாட்டோடு சேர்க்காமல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வாசலில் கையெழுத்துப் பதிவேடு இருக்கட்டும். ஓட்டுரிமை உள்ளவர்களும் இணை உறுப்பினர்களும் தனித்தனிப் பக்கத்தில் கையெழுத்திடட்டும். கோரம் எத்தனை என்பதைப் பைலாவைத் திறந்து பாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். கோரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் தள்ளிவைத்து நடத்தலாம் என்ற விதி பல கிளைகளில் உண்டு. உங்கள் பைலாவில் இல்லையென்றால் அது உங்களுக்கு இல்லை. ஓட்டுகளை எண்ணி, ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எழுதுங்கள். "ஒருமனதாக" என்று எழுதுவது எதிர்த்தவருக்கு நாமே வழக்குப் போடக் காரணம் எடுத்துக் கொடுப்பது. மினிட்ஸ் அன்றிரவே எழுதப்பட வேண்டும். மறுநாள் முதல் கேஸ் ஹெர்னியாவாக இருந்தாலும் சரி, கணையத்தில் செய்யும் பெரிய விப்பிள் ஆபரேஷனாக இருந்தாலும் சரி.

புதிய நிர்வாகிகள் பட்டியலை மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் கொடுத்து, ஒப்புகை முத்திரையோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி கேட்கும்போது இது கையில் இருந்தால் பாதி போன்கால் எனக்கு வராது.

மாநாட்டுக் குழுவைத் தனி ராஜ்ஜியமாக விடுவது

ஆர்கனைசிங் செக்ரட்டரி ஆனதும் சிலருக்கு ஒரு தோரணை வந்துவிடும். தனி லோகோ, தனி லெட்டர்பேட், தனி வங்கிக் கணக்கு. கணக்கு மட்டும் சங்கத்தின் பான் எண்ணில் திறக்கப்பட்டிருக்கும். ஸ்டால் எடுத்த கம்பெனிகள் வரியைப் பிடித்துக்கொண்டு பணம் அனுப்பும். அந்த வரவு முழுக்க வருமான வரித்துறையின் பார்வையில் சங்கத்தின் வருமானம். சங்கத்தின் ட்ரெஷரருக்கோ அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது மாநாட்டுக் குழு கலைந்து போயிருக்கும். ரசீதுகள் யாருடைய கிளினிக் பரணிலோ இருக்கும்.

ஜி.எஸ்.டி. இன்னொரு தலைவலி. சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். டெலிகேட் கட்டணத்தையும் ஸ்டால் வாடகையையும் கூட்டினால் ஒரு மாநில மாநாடு அதைச் சுலபமாகத் தாண்டும். "கேரளாவில் ஐ.எம்.ஏ. ஜெயிச்சிட்டாங்க, நமக்கும் வரி இல்லை" என்று இந்திய மருத்துவச் சங்கத்தை வைத்து ஒரு செய்தி சுற்றுகிறது. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பு, சங்கம் தன் உறுப்பினருக்குச் செய்யும் சேவையைப் பற்றியது. தையல் நூல் கம்பெனிக்கு ஸ்டால் வாடகைக்கு விடுவது அதில் வராது. பார்வர்டு செய்தியை நம்பாமல் ஆடிட்டரிடம் கேளுங்கள், மாநாட்டுக்கு முன்னாலேயே கேளுங்கள்.

ஸ்பான்சர் விஷயமும் மாறிவிட்டது. மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பரிசு, பயணம் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் விதிகளை 2009-இல் திருத்தியது. 2016-இல் அந்தப் பிரிவிலிருந்து மருத்துவர் சங்கங்களை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து "சங்கத்துக்கு எதுவும் வாங்கலாம்" என்று ஒரு தைரியம். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைப்படி, இப்படிப்பட்ட கல்வி நிகழ்ச்சிகளுக்குச் செய்யும் செலவைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பேச்சாளர் அல்லாத மருத்துவருக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் கூடாது. நீங்கள் எழுதாத கணக்கை அவர்கள் எழுதுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மாநாட்டுக்குத் தனிக் கணக்கு வேண்டுமென்றால் செயற்குழுத் தீர்மானத்தோடு திறக்கலாம். சங்க ட்ரெஷரர் கையெழுத்து அதில் கட்டாயம் இருக்கட்டும். மிச்சத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை மாநாட்டை ஒப்படைக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். லாபம் வந்த பிறகு பேசினால் நட்பு போகும்.

வாட்ஸ்அப்பில் தீர்மானம் போடுவது

கட்டைவிரல் படம் ஓட்டு ஆகாது.

விசாரிக்காமல் நற்சான்று கொடுப்பது

நோயாளி இறந்துவிட்டார், உறவினர்கள் மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அன்றிரவே சங்கம் அறிக்கை விட வேண்டும் என்று குழுவில் நெருக்குவார்கள். தாக்குதலைக் கண்டிக்கத் தயங்க வேண்டாம். மருத்துவமனைகள் மீதான வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இல் இயற்றிய சட்டம் இருக்கிறது, அதன்படி வழக்குப் பதியச் சொல்லுங்கள். ஆனால் அதே அறிக்கையில் "சிகிச்சையில் எந்தத் தவறும் இல்லை" என்று ஒரு வரி சேர்க்காதீர்கள். கேஸ் ஷீட்டை நீங்கள் பார்த்தீர்களா? ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற நடவடிக்கைக்கு முன் அதே துறையில் தகுதியான, சார்பில்லாத மருத்துவரின் கருத்தை, முடிந்தால் அரசுப் பணியில் இருப்பவரிடம், விசாரணை அதிகாரி வாங்க வேண்டும் என்றது. அது நம் எல்லோருக்கும் பெரிய பாதுகாப்பு. தன் உறுப்பினருக்குத் தானே சான்று எழுதும் சங்கத்திலிருந்து நாளைக்கு ஒருவர் நிபுணராகப் போய்க் கருத்துச் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த அறிக்கையைத்தான்.

பெண் சர்ஜன்களை வரவேற்புக் குழுவில் மட்டும் போடுவது

பூங்கொத்து கொடுக்க எம்.எஸ். படிப்பு தேவையில்லை. ட்ரெஷரர் பதவிக்கு நிற்கச் சொல்லுங்கள்.

முன்னாள் தலைவர்களைச் செயற்குழுவில் நிரப்புவது

அனுபவம் வேண்டும்தான். ஆலோசனைக் குழு அமைத்து, காபி கொடுத்து, ஓட்டுரிமை கொடுக்காமல் கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேடையிலேயே பொறுப்பு மாறிவிட்டது என்று நினைப்பது

பதக்கச் சங்கிலியைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டதும் கை தட்டுவார்கள். மினிட்ஸ் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பதிவுச் சான்றிதழின் அசல், படிவம் 7 ஒப்புகை, பான் அட்டை, காசோலைப் புத்தகம், நிலையான வைப்பு ரசீதுகள், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், அந்தத் தளம் ஓ.டி.பி. அனுப்பும் போன் எண் ஆகியவை மேடைக்கு வருவதில்லை. கடைசியாகச் சொன்னதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். எண் முன்னாள் ட்ரெஷரருடைய கம்பவுண்டருடையதாக இருக்கும், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் மாலை போட்டுக்கொள்ளுங்கள்.