ஃப்ரீபிஎஸ்டியில் உலாவி வழியே ஒலியும் காணொளியும் இயங்கச் செய்தல்

ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் உலாவிக்கு மல்டிமீடியா செருகுநிரல் நிறுவுவது பற்றித் தேடுபவர்களுக்கு, காணொளிகளையும் விளையாட்டுகளையும் இயக்கிவந்த ஃபிளாஷ் செருகுநிரலின் லினக்ஸ் பதிப்பை என்எஸ்பிளகின்ராப்பர் என்னும் இடைக்கருவியின் துணையுடன் பயர்பாக்ஸில் பொருத்தும் பழைய குறிப்புகள் இன்றும் கண்ணில் படும். அவற்றைப் பின்பற்ற வேண்டாம். அத்தகைய செருகுநிரல்களுக்கு அடிப்படையான என்பிஏபிஐ இடைமுகத்தைக் குரோம் 2015ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. 2017 மார்ச்சில் வந்த பயர்பாக்ஸ் 52 ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்தது. அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திய பிறகு, 2021 ஜனவரியில் வெளிவந்த பயர்பாக்ஸ் 85 அதையும் நீக்கிவிட்டது. பழைய ஃபிளாஷ் விளையாட்டு ஏதேனும் தேவைப்பட்டால் ரஃபிள் என்னும் நீட்சியை நிறுவிப் பார்க்கலாம்.

இப்போது காணொளியை இயக்குவது உலாவியே. அது இயங்காதபோது குறை பெரும்பாலும் உலாவிக்கு வெளியே, ஒலி அல்லது வரைகலை அமைப்பில்தான் இருக்கும். ஆகவே மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் பிகேஜி கட்டளையால் பயர்பாக்ஸை நிறுவியதும் முதலில் ஒலியைச் சரிபார்ப்பது நல்லது.

பெரும்பாலான கணினிகளின் ஒலியட்டையை ஃப்ரீபிஎஸ்டியின் இயல்பான கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடையாளம் கண்டுகொள்ளும். இருந்தும் ஒலி வராததற்கு வழக்கமான காரணம், அது தவறான வாயிலுக்குச் செல்வதே. முனையத்தில் கேட் கட்டளையைக் கொண்டு, டெவ் அடைவில் உள்ள எஸ்என்டிஸ்டாட் கோப்பைப் படித்தால், பிசிஎம்0, பிசிஎம்1 என ஒலிச்சாதனங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றுள் ஒன்றின் வரி முடிவில் டிஃபால்ட் என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு திரையின் எச்டிஎம்ஐ இணைப்புக்கு உரிய வரியில் இருக்க, நீங்கள் ஹெட்ஃபோனை முன்பக்கத் துளையில் செருகியிருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் கேட்காது. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கட்டில் கட்டளையில் ஹெச்டபிள்யூ.எஸ்என்டி.டிஃபால்ட்_யூனிட் என்னும் மாறிக்கு, வேண்டிய சாதனத்தின் பெயரில் பிசிஎம் என்பதற்குப் பின் வரும் எண்ணைக் கொடுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் அது நிலைக்க, அதே வரியை சிஸ்கட்டில்.கான்ஃப் கோப்பிலும் எழுதி வையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவி பழைய சாதனத்தையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அதை முழுவதும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

அதன் பிறகும் மற்ற மென்பொருள்களில் ஒலி கேட்டு, பயர்பாக்ஸில் மட்டும் கேட்கவில்லை என்றால், முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் எனத் தட்டச்சிட்டு, ஊடகப் பகுதியில் எந்த ஒலிப் பின்தளம் (உலாவியின் ஒலியை வெளியே அனுப்பும் அமைப்பு) பயன்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். அதை மாற்ற, அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் மீடியா.கியூபெப்.பேக்எண்ட் என்ற பெயரில் ஒரு சரம் உருவாக்கி, பல்ஸ் ஆடியோ இயங்கும் கணினியில் பல்ஸ் என்றோ, எஸ்என்டிஐஓ பயன்படுத்துபவர்கள் எஸ்என்டிஐஓ என்றோ அதற்கு மதிப்பு கொடுக்கலாம். பயர்பாக்ஸ் தொகுப்பை நிறுவும்போது முனையத்தில் ஓடும் செய்தியில் இந்த விவரம் உள்ளது; பலரும் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

எச்264 போன்ற கோடெக்குகளுக்கு, அதாவது காணொளியைச் சுருக்கி விரிக்கும் முறைகளுக்கு, எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் இருந்தால் போதும். தொகுப்பு மேலாளர் பயர்பாக்ஸோடு சேர்த்தே அதையும் நிறுவிவிடும்.

காணொளி ஓடியும் படம் விட்டுவிட்டு வந்து, மின்விசிறி இரைந்தால், வரைகலை அட்டையின் உதவியின்றி மையச் செயலியே (சிபியு) எல்லாவற்றையும் குறிவிலக்குகிறது என்று பொருள். வரைகலை இயக்கிகள் அடங்கிய டிஆர்எம்-கேமாட் தொகுப்பை நிறுவி, தொடக்க அமைப்புகளுக்கான ஆர்சி.கான்ஃப் கோப்பின் கேஎல்டி_லிஸ்ட் வரியில் இன்டெல் வரைகலைக்கு ஐ915கேஎம்எஸ், புதிய ஏஎம்டி அட்டைகளுக்கு ஏஎம்டிஜிபியு எனச் சேர்த்து, உங்கள் பயனர் கணக்கை வீடியோ குழுவில் இணையுங்கள். இந்த மூன்றில் மறந்துபோவது பெரும்பாலும் குழுதான். பின்னர் காணொளியை வரைகலை அட்டையே குறிவிலக்க உதவும் விஏ-ஏபிஐ இடைமுகத்துக்கு உங்கள் அட்டைக்குரிய இயக்கியை நிறுவி, விஏஇன்ஃபோ கட்டளை கோடெக்குகளைப் பட்டியலிடுகிறதா எனச் சோதியுங்கள். அங்கே பிழைச்செய்தி வந்துகொண்டிருக்கும் வரை உலாவியின் அமைப்புகளில் கைவைப்பதால் பயனில்லை.

கட்டணத் திரைப்படச் சேவைகள் வேறு வகை. அவை கேட்கும் வைட்வைன் என்னும் உரிமக் காப்புக் கூறினை அதன் உரிமையாளரான கூகுள் ஃப்ரீபிஎஸ்டிக்கு வெளியிடவில்லை. லினக்ஸ் மென்பொருள்களை ஃப்ரீபிஎஸ்டியில் இயங்கச் செய்யும் லினக்ஸ் ஒத்திசைவு அடுக்கின் மீது லினக்ஸுக்கான குரோமை இயக்குவது இதற்கு ஒரு வழி: ஆர்சி.கான்ஃபில் லினக்ஸ்_எனேபிள் மதிப்பை யெஸ் (YES) என்று மாற்றிச் சேவையைத் தொடங்கி, லினக்ஸ்-பிரௌசர்-இன்ஸ்டாலர் தொகுப்பை நிறுவி, அதன் மூலம் குரோமைப் பெறலாம். அது உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் அடிப்படைக் கோப்புகளையும் இறக்குவதால் வட்டில் கணிசமான இடம் பிடிக்கும். அன்றாட உலாவலுக்குப் பயர்பாக்ஸையே வைத்துக்கொண்டு, அந்தக் குரோமை இத்தகைய சேவைகளுக்கு மட்டும் திறப்பதே என் பரிந்துரை.